“அண்ணே, மேட்ச் லிங்க் இருக்கா?” கள்ள ஒளிபரப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கம், பிறையில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், கண்ணாடி உடைந்து வருகிறவர்களுக்கு நடுவே இன்னொரு கூட்டம் வரும். “அண்ணே, இன்னைக்கு மேட்ச் லிங்க் இருக்கா?” “தம்பி, அந்தப் பெட்டி திடீர்னு நின்னு போச்சு, பாத்துக் குடேன்.” திங்கட்கிழமை வேறு மாதிரிக் கூட்டம். “ஃபோன் சூடாகுது”, “விளம்பரம் தானா தொறக்குது”, ஒரு சமயம் “பேங்குல காசைக் காணோம்”. சனிக்கிழமை வந்தவர்கள்தான் திங்கட்கிழமையும் வருகிறார்கள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

ஒரு காலத்தில் நானும் லிங்க் அனுப்பியிருக்கிறேன். அதை மறைக்கவில்லை. இப்போது அனுப்புவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் கடையில் நின்றபடி சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

கள்ள ஒளிபரப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு போட்டியைக் காட்டும் உரிமையை ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அவரிடம் கேட்காமல் அதே படத்தை எடுத்து இன்னொருவர் ஓட விடுவதுதான் கள்ள ஒளிபரப்பு. இணையதளம், ஃபேஸ்புக் லைவ், டெலிகிராம் சேனல், வரவேற்பறையில் டிவியோடு இணைத்திருக்கும் ஆண்ட்ராய்டு டிவி பெட்டி, எது வழியாக வந்தாலும் சரி. காசு வாங்கிக்கொண்டு கொடுத்தாலும் சும்மா கொடுத்தாலும் பெயர் மாறாது.

உரிமை நாடு வாரியாக விற்கப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐபிஎல்லையே எடுத்துக்கொள்வோம். 2023 முதல் 2027 வரை ஐந்து பருவங்களுக்கான உரிமை மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் இந்தியாவுக்குத் தனி, வெளிநாடுகளுக்குத் தனி. சென்னையில் இருக்கும் சித்தி தன் கைப்பேசியில் சட்டப்படி பார்க்கிற அதே செயலி இங்கே நமக்கு ஆட்டத்தைக் காட்டாமல் போவது இதனால்தான். அந்த இடைவெளியில்தான் கள்ள லிங்க் வந்து உட்காருகிறது. இந்தியாவில் 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 10 மணி. பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது குரூப் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த லிங்க் எல்லாம் எங்கிருந்துதான் வருகிறது?

ஆரம்பத்தில் இருப்பவர் பெரும்பாலும் காசு கட்டிய சந்தாதாரர்தான். எங்கோ ஒரு நாட்டில் முறையாகச் சந்தா வாங்கி, டிகோடரிலிருந்து டிவிக்குப் போகும் கேபிளின் நடுவே ஒரு சின்னக் கருவியைச் செருகி, படத்தின் மேல் இருக்கும் பூட்டைக் கழற்றிவிடுகிறார். அந்தப் படம் கணினிக்குள் போய், அங்கிருந்து வாடகை சர்வருக்கு ஏறி, சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, உலகம் முழுக்கப் போகிறது. இத்தனை கை மாறுவதால்தான் பக்கத்து வீட்டில் “கோல்!” என்று கத்தி முடித்து அரை நிமிடம் கழித்து உங்கள் திரையில் பந்து வலைக்குள் போகிறது. பத்து வெவ்வேறு தளங்கள் என்று நாம் நினைப்பவை பல சமயம் ஒரே ஓட்டத்தைக் காட்டும் பத்து முகப்புகள்தான். ஒன்று நின்றால் பத்தும் நிற்கும்.

இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்களை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக் கூடாது. கீழ்நிலைக் குழுக்களின் மைதானங்கள் காலியாகிவிடும் என்ற கவலையில் பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட விதி. ஆனால் நமக்கு அந்த ஆட்டங்கள் இரவு 10 மணிக்கோ 11 மணிக்கோ முறையாகவே வருகின்றன. அதனால் வெளிநாட்டு ஒளிபரப்புகளைப் பிடித்து அங்கே அனுப்பும் கள்ளச் சந்தை ஒன்று இருக்கிறது. கள்ளப் படம் அங்கிருந்து இங்கே வருவதாகத்தான் நாம் நினைக்கிறோம், இங்கிருந்து அங்கேயும் போகிறது.

சரி, படம் தயார். அதைப் பார்வையாளரிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது? நாளிதழில் விளம்பரம் கொடுக்க முடியாது. தேடுபொறியில் புகார் வந்தால் தூக்கிவிடுவார்கள். அங்கேதான் சமூக ஊடகம் வருகிறது. டெலிகிராம் சேனலில் காலையிலேயே அன்றைய ஆட்ட அட்டவணை வரும். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு முகவரி வரும். ஃபேஸ்புக்கில் குழுவின் சின்னத்தை வைத்த பக்கங்கள் முளைக்கும், அதிகாரபூர்வப் பக்கத்தின் பதிவுக்குக் கீழே கருத்துப் பகுதியில் முகவரியை ஒட்டுவார்கள். எக்ஸில் போட்டியின் ஹேஷ்டேக்கைத் தட்டினால் ஒரே வாக்கியத்தை நூறு கணக்குகள் சொல்லிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் அவை இயந்திரக் கணக்குகள். டிக்டாக்கில் “முழு ஆட்டம் புரொஃபைல் லிங்க்கில்” என்பார்கள்.

இதுவரைக்கும் அந்நியர்களின் வேலை. அந்நியர் அனுப்பினால் நாம் யோசிப்போம். ஆனால் அதை எங்கள் பந்துக் குழுவின் குரூப்பில் ஒரு தம்பி போடுகிறான், அங்கிருந்து அவன் மாமா குடும்பக் குரூப்பில் போடுகிறார், அங்கிருந்து கோயில் கமிட்டி குரூப்புக்குப் போகிறது. மாமா அனுப்பியதை யாரும் சந்தேகப்பட்டுப் பார்ப்பதில்லை. தட்டிவிடுகிறார்கள். திருடியவன் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் நம்பியது மாமாவை. இந்தத் தொழில் முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறது. எனக்கு மனசு கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

ஃபேஸ்புக் லைவில் படம் ஏன் கோணலாகத் தெரிகிறது?

பெரிய தளங்களில் ஒரு கண்காணிப்பு இருக்கிறது. உரிமையாளர் தன் படத்தின் அடையாளத்தைக் கொடுத்து வைத்திருப்பார், கைரேகை மாதிரி. யாராவது லைவ் போட்டால் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து நிறுத்திவிடும். அதை ஏமாற்றத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

போன மாதம் ஒரு தம்பி கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திரும்பியிருந்தது. மூலையில் ஸ்கோர் எண்கள் தலைகீழாக இல்லை, புரட்டிப் போட்டபடி இருந்தன. இடது காலால் உதைப்பவர் வலது காலால் உதைத்தார். சுற்றிலும் தடித்த பச்சைக் கட்டம், அதற்குள் சாய்ந்த படம், மேலே அங்குமிங்கும் மிதக்கும் ஒரு வட்டம். வர்ணனையாளரின் குரலை ஏற்றிவிட்டிருந்ததால் குழந்தை பேசுவது போலக் கேட்டது. அந்தத் தம்பி தொண்ணூறு நிமிடமும் அதைத்தான் பார்த்தான். அவ்வளவு ஆசை அவனுக்கு ஆட்டத்தின் மேல். அந்த ஆசைக்கு இதைவிட நல்லது கிடைக்க வேண்டும்.

இலவசமாகத்தானே கொடுக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன லாபம்?

சர்வருக்கு வாடகை உண்டு, படத்துக்குச் சந்தா உண்டு. யாரும் தர்மத்துக்குச் செய்யவில்லை. வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது, அதிலும் நம் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம். படத்தை மூடிக்கொண்டு ஒரு பலகை வரும். அதை மூடும் ‘x’ குறியைத் தட்டினால் மூடாது, புதிய பக்கம் திறக்கும். மறுபடி தட்டினால் இன்னொரு பக்கம். ஒவ்வொரு தட்டலுக்கும் யாருக்கோ காசு.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மூன்று சூதாட்டத் தளங்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறான், எதில் முதல் தடவை பணம் போட்டால் எவ்வளவு ‘போனஸ்’ என்பது உட்பட. அவன் ஒரு தடவைகூட பந்தயம் கட்டியதில்லை, ஆட்டம் பார்க்க மட்டுமே போனவன். எதையும் தேடிப் போகாத பிள்ளையின் மண்டைக்குள் அந்தப் பெயர்கள் போய் உட்கார்ந்திருக்கின்றன.

காசு வாங்கிக்கொண்டு நடத்துபவர்களின் கணக்கு இன்னும் பெரியது. இங்கிலாந்தில் ஃபிளாலெஸ் என்ற பெயரில் மலிவுச் சந்தா விற்ற ஒரு கும்பலுக்கு 50,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களும் மறுவிற்பனையாளர்களும் இருந்தார்கள். 2023இல் அந்தக் கும்பலில் ஐந்து பேருக்குச் சேர்த்து 30 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. தலைவனுக்கு மட்டும் 11 ஆண்டு.

வீட்டில் சும்மா பார்த்தால் போலீஸ் வருமா?

நான் வழக்கறிஞர் இல்லை. சட்டத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதைத் திருத்தி, 2022 மார்ச் 18 முதல் 43ஏஏ என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தார்கள். கள்ள ஒளிபரப்புக்கான கருவியை, செயலியை, அதன் பாகத்தை உருவாக்குவது, இறக்குமதி செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, விநியோகிப்பது எல்லாம் குற்றம். தண்டனை குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்), அதிகபட்சம் 200,000 வெள்ளி அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அந்தப் பிரிவு குறிவைப்பது பரப்புகிறவர்களையும் விற்கிறவர்களையும். சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவரைத் தேடி அது எழுதப்படவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்குள் போலீஸை விட மோசமான ஆள் வந்துவிடலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

லிங்க்கை குரூப்பில் அனுப்புவது? அதுவும் குற்றமா?

அந்தப் பிரிவில் விநியோகிப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது, கள்ள ஒளிபரப்புக்கு வழி செய்து கொடுப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செயலியின் கடவுச்சொல் விற்பது, “மாதம் பதினைந்து வெள்ளி, எல்லாச் சேனலும்” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது, இதெல்லாம் தெளிவாக ஆபத்தான பக்கம். தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே, சின்ன வருமானம்தானே என்று செய்கிற தம்பிகள் சிலரை எனக்கே தெரியும். நல்ல பிள்ளைகள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். 200,000 வெள்ளி என்பது நம் குடும்பங்களுக்கு ஒரு வீட்டின் விலை.

காசு வாங்காமல் அனுப்புபவருக்கும் சட்டத்தைத் தாண்டி ஒரு பொறுப்பு இருக்கிறது. நீங்கள் அனுப்பியதை உங்கள் அம்மா திறப்பார்.

டிவி பெட்டி கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே, அப்புறம் அது எப்படித் தப்பாகும்?

பெட்டியே தப்பில்லை. ஆண்ட்ராய்டு பெட்டி என்பது ஒரு சின்னக் கணினி. சிரிம் (தரச்சான்று) முத்திரை உள்ளதை வாங்கி யூடியூபும் சந்தா கட்டிய செயலிகளும் பார்க்கலாம். “வாழ்நாள் முழுக்க எல்லாச் சேனலும் இலவசம்” என்று கள்ளச் செயலியை ஏற்றி விற்பதுதான் பிரச்சினை. காசு கொடுக்காத ஒளிபரப்புக்கு வழிவிடும் பெட்டியை விற்பதே பதிப்புரிமை மீறல் என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது.

‘வாழ்நாள்’ என்பதைப் பற்றி ஒன்று. என் மேசைக்கு வந்த வாழ்நாள் பெட்டிகளில் பல ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. சர்வரை மூடினால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். விற்றவரின் எண்ணுக்கு அழைத்தால் அது யாருடையதோ.

பெட்டிக்குள் வைரஸ் இருக்கும் என்கிறார்கள். பயமுறுத்துகிறார்களா?

பயமுறுத்தவில்லை. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற ரஷ்யப் பாதுகாப்பு நிறுவனம் ‘வாய்டு’ என்ற தீநிரல் 197 நாடுகளில் ஏறத்தாழ 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் இருப்பதைக் கண்டுபிடித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ ‘பேட்பாக்ஸ் 2.0’ பற்றி எச்சரித்தது. அதில் சில கருவிகளுக்குள் விற்பனைக்கு வரும் முன்பே தீநிரல் ஏற்றப்பட்டிருந்தது. மற்றவற்றில் பெட்டியை இயக்கத் தொடங்கும்போது இறக்கச் சொல்லும் செயலிகள் வழியாக நுழைந்தது.

இப்படிப்பட்ட பெட்டி என்ன செய்யும்? உங்கள் வீட்டு இணைய இணைப்பை வேறு யாருக்கோ வாடகைக்கு விடும். எங்கோ ஒருவன் செய்யும் மோசடி உங்கள் வீட்டு முகவரியிலிருந்து கிளம்பியது போலத் தெரியும். உங்களுக்கு ஆட்டம் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. இரவில் யாரும் எதுவும் பார்க்காதபோதும் இணையம் மெதுவாக இருக்கிறதா? முதலில் பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

கைப்பேசியில் ஒரு செயலி போடச் சொல்கிறது. போடலாமா?

கூடாது. இதற்கு நான் நீளமாகவே பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் லிங்க் அனுப்புவதை நிறுத்தியது இதனால்தான்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக். பூப்பந்து மகளிர் இரட்டையரில் நம்ம தீனா முரளிதரனும் பெர்லி டானும் அரையிறுதிக்குப் போனார்கள். தமிழ்ப் பிள்ளை ஒலிம்பிக் அரையிறுதியில் ஆடுகிறாள் என்றால் எந்த வீட்டில்தான் சும்மா இருப்பார்கள்? எங்கள் தெருவில் ஒரு அக்கா, வயது அறுபதைத் தாண்டியவர், தோசை மாவு விற்கிறவர், எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று துடித்தார். உறவுக்காரப் பையன் குரூப்பில் ஒரு முகவரி போட்டான். திறந்தால் “தெளிவாகப் பார்க்க இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்று ஒரு ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு. கூகுள் கடையில் இருந்து வந்ததல்ல. கைப்பேசி எச்சரித்தது, அவர் ‘பரவாயில்லை’யைத் தட்டினார். குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். ‘அணுகல்தன்மை’ அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தார். அந்த ஒரு அனுமதி போதும், திரையில் தெரிவதைப் படிக்கலாம், உங்கள் விரலுக்குப் பதிலாக அதுவே பொத்தானைத் தட்டலாம்.

ஆட்டம் நன்றாகவே ஓடியிருக்கிறது. மூன்றாம் நாள் காலை 3,400 வெள்ளி போய்விட்டது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்தது. கைப்பேசியை என் மேசை மேல் வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, நான் தப்பு ஒண்ணும் பண்ணலியே, மேட்ச்தானே பார்த்தேன்.” அவர் தப்பு பண்ணவில்லை. அந்த ஒலிம்பிக்கை நம் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம் இலவசமாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு அதற்கு முந்திய வாரம் வேறொரு ஆட்டத்துக்கு லிங்க் அனுப்பிப் பழக்கியவன் நான்.

ஏற்கெனவே போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

முதலில் இணையத்தை அணையுங்கள், வைஃபை, டேட்டா இரண்டையும். விமானப் பயன்முறை போட்டால் இரண்டும் நின்றுவிடும். காசு போயிருந்தாலோ போகிறது என்று சந்தேகம் வந்தாலோ வேறொரு கைப்பேசியிலிருந்து உடனே 997க்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையம். உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். நிமிடக் கணக்குதான் முக்கியம், கடைக்கு வருவதெல்லாம் அப்புறம். போலீஸ் புகார் கட்டாயம். வேறு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு கைப்பேசியை முழுக்க அழித்துப் புதிதாக்குவது நல்லது. செயலியை மட்டும் நீக்கினால் போதும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை.

விபிஎன் போட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. விபிஎன் உங்கள் இணைய முகவரியை மறைக்கும். நீங்கள் கையால் நிறுவிய செயலியை அது தடுக்காது.

இத்தனை தடை போட்டும் ஏன் நிற்கவில்லை?

நம் நாட்டில் எம்சிஎம்சி எனப்படும் தொடர்பு பல்லூடக ஆணையம், தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 263ஆம் பிரிவைக் கொண்டு இணையச் சேவை நிறுவனங்களிடம் சொல்லித் தளங்களை முடக்குகிறது. பெரும்பாலும் அது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) முறை, அதாவது பெயர்ப்பலகையைக் கழற்றுவது. வீடு அங்கேயே இருக்கும், புதுப் பலகை மாட்டிக்கொள்வார்கள். 2024 செப்டம்பரில் எல்லா டிஎன்எஸ் கேள்விகளையும் உள்நாட்டு நிறுவனங்களின் வழியே திருப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே அதைக் கைவிட்டார்கள். எனக்கு அந்த எதிர்ப்பு நியாயமாகத்தான் பட்டது. திருட்டு லிங்க்கை நிறுத்த எல்லோருடைய இணையத்தையும் ஒரே குழாய்க்குள் திருப்புவது சரியான வழி இல்லை.

விளையாட்டில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. திருட்டு சினிமாவை நாளை நீக்கினாலும் பயன் உண்டு, நாளை மறுநாளும் பார்க்க ஆள் இருக்கும். ஆட்டம் இரண்டு மணி நேரம்தான். அதற்குள் நிறுத்தாவிட்டால் திருடியவன் ஜெயித்துவிட்டான். அதனால்தான் இப்போது நீதிமன்றங்கள் முன்கூட்டியே உத்தரவு தருகின்றன. 2023 உலகக் கிண்ண கிரிக்கெட்டுக்கு முன்பே டெல்லி உயர் நீதிமன்றம் கள்ளத் தளங்களுக்குத் தடை போட்டது, போட்டி நடக்கும்போது புதிதாக முளைப்பவற்றையும் சேர்த்துக்கொள்ள வழி வைத்து.

பெரிய மீன்கள் மாட்டாமல் இல்லை. ஸ்ட்ரீம்ஈஸ்ட் என்ற தளத்தின் 80 முகவரிகளுக்கு ஒரே ஆண்டில் 160 கோடி முறை ஆட்கள் போயிருந்தார்கள். 2025 ஆகஸ்டில் எகிப்தில் இருவரைக் கைது செய்து அதை மூடினார்கள். செய்தி வந்த அன்றே அதே பெயரை வைத்த வேறு தளங்களைப் பற்றி என் கடையில் பேச்சு.

சமூக ஊடகங்களைப் பொறுத்தவரை, 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் 8 மில்லியன் அல்லது அதற்கு மேல் பயனர் உள்ள தளங்கள் உரிமம் பெற வேண்டும் என்று விதி வந்தது. அதனால் புகார் சொல்ல ஒரு பிடி கிடைத்திருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குரூப்புக்குள் போவதை எந்த இயந்திரமும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. அங்கே நாம்தான்.

சந்தா கட்ட வசதி இல்லையே?

விலை அதிகம்தான். எல்லா விளையாட்டுக்கும் எல்லாச் சேனலும் வேண்டுமென்றால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காது. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் இதைக் காதில் வாங்க வேண்டும். ஆனால் எல்லாமும் வேண்டுமா என்று ஒரு தடவை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் யோசித்தோம். எனக்குப் பிரிமியர் லீக், மகளுக்குப் பூப்பந்து. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஆர்டிஎம் இலவசம். வீட்டில் ஆன்டெனா, மைஃப்ரீவியூ (இலவச டிஜிட்டல் டிவி) போதும், கைப்பேசியில் ஆர்டிஎம் கிளிக் செயலி. 2022 உலகக் கிண்ணக் காற்பந்தில் 64 ஆட்டங்களில் 41ஐ, நேரடியாகவும் தாமதித்தும், ஆர்டிஎம் காட்டியது. நாட்டுக் குழு ஆடும் பெரிய போட்டிகளுக்கு முதலில் அங்கே பாருங்கள். பிரிமியர் லீக் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான ஆஸ்ட்ரோவிடம் இருக்கிறது. டிஷ் வேண்டாம் என்றால் அவர்களுடைய சூக்கா செயலியில் ஒப்பந்தம் இல்லாமல் மாதக் கணக்கில் எடுக்கலாம். சீசன் இல்லாத மாதம் கட்ட வேண்டியதில்லை. குழுக்களின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கங்களில் சுருக்கக் காணொளி வருகிறது.

மாமாக் கடையையும் (தமிழ் முஸ்லிம் உணவகம்) சொல்லியாக வேண்டும். ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய், பெரிய திரை, சுற்றி முப்பது பேர் கத்த இரண்டு மணி நேரம். நான் வளர்ந்ததே அப்படித்தான்.

எங்களுக்கு உணவகம் இருக்கிறது. வீட்டுச் சந்தாவைக் கடையில் போடலாமா?

போடக் கூடாது. வியாபார இடத்துக்கு வணிகச் சந்தா தனி. வீட்டு அட்டையைக் கடையில் போட்டவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். கள்ளப் பெட்டியைக் கடையில் போடுவது இன்னும் மோசம், அது முழுக்கத் தொழில்முறைப் பயன்பாடு.

கோடீஸ்வரக் குழுக்களுக்கு நம் பத்து வெள்ளியால் என்ன நஷ்டம்?

மான்செஸ்டருக்கு ஒன்றும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து கொஞ்சம் கீழே போய்ப் பாருங்கள். ஆஸ்ட்ரோவின் விண்மீன், வானவில் தமிழ்ச் சேனல்களும் அதில் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் நடித்த தொடர்கள், உள்ளூர்த் தமிழ்த் தொலைப்படங்கள். அவற்றில் ஒலி பிடித்தவர், ஒப்பனை செய்தவர், வசனம் எழுதியவர் எல்லாம் செந்தூலிலும் கிள்ளானிலும் இங்கே பட்டர்வொர்த்திலும் வாடகை வீட்டில் இருப்பவர்கள். இந்த நாட்டில் தமிழில் படம்பிடிக்கக் காசு போடுகிறவர்கள் மிகக் குறைவு. அதில் பெரும் பங்கு சந்தாக் காசு. பந்துக்காக வாங்கிய பெட்டி அவர்கள் வயிற்றிலும் அடிக்கிறது. இதை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

எங்கே புகார் செய்வது?

கள்ளப் பெட்டி, செயலி விற்பனை என்றால் கேபிடிஎன் எனப்படும் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, 1800-886-800. தளங்கள், சமூக ஊடகக் கணக்குகள் என்றால் எம்சிஎம்சி, 1800-188-030. விற்பனை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேமித்து வையுங்கள், நேரத்தோடு. ஃபேஸ்புக், டிக்டாக் பக்கங்களை அங்கேயே ‘ரிப்போர்ட்’ செய்யலாம், ஆட்டம் நடக்கும்போதே செய்தால்தான் பயன்.

குரூப்பில் பெரியவர் ஒருவர் லிங்க் போடுகிறார். முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது?

குரூப்பில் சொல்லாதீர்கள். தனியாக அனுப்புங்கள். எங்கள் குரூப்பில் ஒரு மாமா இருக்கிறார், பழைய துறைமுகத் தொழிலாளி, எல்லோரும் ஆட்டம் பார்க்க வேண்டும் என்ற நல்ல மனசில் லிங்க் தேடித் தேடிப் போடுவார். அவருக்கு நான் அனுப்பியது இதுதான்: “மாமா, அந்த லிங்க்ல ஒரு அக்காவுக்குக் காசு போயிருச்சு. நீங்க போட்டா எல்லாரும் நம்பித் தொறப்பாங்க. அதை எடுத்துருங்க. இன்னைக்கு ஆட்டம் எந்தச் சேனல்னு நான் போடுறேன்.” ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்.

‘நான் போடுறேன்’ என்று சொல்லிவிட்டதால் போட வேண்டியதாயிற்று. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அந்த வாரத்தின் ஆட்டங்கள், நம் நேரம், எந்தச் சேனல், எது இலவசம் என்று ஒரு பட்டியல் போடுகிறேன். எழுதப் பத்து நிமிடம் ஆகும். போன மாதம் எனக்குக் காய்ச்சல், போடவில்லை. எட்டு மணிக்கு அந்த மாமாவே போட்டிருந்தார். பூப்பந்தையும் சேர்த்து, கையால் எழுதி, படம் பிடித்து.